40 பேர் போதும் என்று நினைத்தோம்

சீனி வருத்தக்காரரின் கால்புண்ணுக்கு இரண்டு விதமாக மருந்து கட்டி, எது நல்லது என்று பார்த்த ஆய்வில் நான் தரவு சேகரித்தேன். ஒரு பக்கம் 40 பேர், மறுபக்கம் 40 பேர். ஏன் 40? ஆறு மாதத்தில் கிளினிக்குக்கு அவ்வளவு பேர்தான் வருவார்கள். வேறு கணக்கு போடவில்லை.

மண்டூரிலிருந்து ஒரு அம்மா வருவார். வாவியைப் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்) குருமண்வெளிக்குக் கடந்து, பிறகு பஸ் ஏறி, 12 கிழமையும் தவறாமல் வந்தார். புண்ணை அளக்கக் கட்டை அவிழ்க்கும்போது சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொள்வார். முடிவு வந்த பிறகு ஒருநாள் கண்டு, "புள்ள, எந்த மருந்து நல்லமெண்டு கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்டுதான் அம்மா" என்றேன்.

நான் சொன்னது பிழை. மாதிரி அளவு, அதாவது ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று, கணக்கிடப் பழகியபோதுதான் விளங்கியது. பழைய முறையில் 100க்கு 30 பேருக்குப் புண் ஆறாமல் நிற்கிறது, புதியது அதை 20 ஆக்குகிறது என்று வைப்போம். 5 வீத எல்லையில் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 வீதம்), 80 வீத வலுவோடு (இருக்கும் வித்தியாசம் கண்ணில் படும் வாய்ப்பு 80 வீதம்) அதைப் பிடிக்க ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 290 பேர் வேண்டும். 40 பேர் என்றால், வித்தியாசம் உண்மையிலேயே இருந்தாலும் கண்ணில் படும் வாய்ப்பு 20 வீதம்கூட இல்லை. அந்த அம்மா முதல்நாள் பாதை ஏறும்போதே இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சம்மதப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் இன்றும் நெஞ்சில் கிடக்கிறது.

1978இல் ஃப்ரைமன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 'பலனில்லை' என்று முடிந்த 71 பரிசோதனைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 50, பாதிக்குப் பாதி முன்னேற்றம் இருந்திருந்தாலும் தவறவிட 10 வீதத்துக்கு மேல் வாய்ப்புள்ளவை.

---

மேலே உள்ளதை வாசித்துவிட்டு, இன்னொரு ஆய்வாளராகக் கல்முனையிலிருந்து எழுதுகிறேன். இதே மாதிரி ஆய்வுக்கு 290 என்றதும் எங்கள் மேற்பார்வையாளர் சொன்ன வழி: "30ஐ 10 ஆக்கும் எண்டு எழுதுங்க, ஒரு பக்கத்துக்கு 60 பேர் போதும்." கணக்குச் சரிதான், எழுதியும் விட்டேன். நெறிமுறைக் குழுவில் ஒருவர், "இந்த 10 எங்கிருந்து வந்தது தம்பி?" என்று மட்டும் கேட்டார். வாய் திறக்க முடியவில்லை.

திரும்ப எழுதினேன். இப்போது மூன்று கிளினிக்குகள் சேர்ந்து செய்கிறோம். மாரி வெள்ளத்தில் வர முடியாமல் போகிறவர்களுக்காக 20 வீத இழப்பைக் கணக்கில் எடுத்து, ஒரு பக்கத்துக்கு 363 பேர். இரண்டு வருடமாவது ஆகும்.