‘அட்ரிபியூஷன்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கடலூர் முதுநகர், ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பிள்ளைகளுக்காகப் புயல், வெள்ளம் பற்றி ஒரு சிறுநூல் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்தது, ‘அட்ரிபியூஷன்’ மட்டும் நிற்கிறது. நடந்து முடிந்த ஒரு பெருமழையையோ வெப்ப அலையையோ எடுத்துக்கொள்கிறார்கள். புவி சூடேறாமல் இருந்திருந்தால் அது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கும், இன்று எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். அந்த ஆய்வுக்குத்தான் பெயர் வேண்டும். கணினித் துறையின் ‘பண்புக்கூறு’ இங்கே ஒட்டாது. இப்போதைக்குக் ‘காரணம் சாட்டல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். “எல்லாத்துக்கும் பூமி சூடாகுறதுதான் காரணமா மிஸ்?” என்று கேட்கிறார்கள்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மா, சாட்டல் கூடவே கூடாது. சாட்டப்படுவது குற்றம். விசாரணை முடியுமுன் தீர்ப்பெழுதும் சொல் அது. வள்ளுவர் ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்றார். நோயை அறிந்தபின் அதன் முதலை, அதாவது காரணத்தை, நாடுவது தனிவேலை என்று பிரித்துவைத்திருக்கிறார். ஆகவே ‘முதல்நாடல்’. சேர்த்தெழுதினால் புணர்ச்சிப்படி ‘முதனாடல்’. தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்குச் சொன்ன ‘வினைமுதல் கருவி’யையும் நினைத்துப் பாருங்கள். வினைமுதல் செய்வது, கருவி அதற்குத் துணைநிற்பது. ‘காலநிலை மாற்றத்தால் வந்த வெள்ளம்’ என்கிறோமே, அந்த ‘ஆல்’ வினைமுதலா, கருவியா? இந்த ஆய்வு கேட்பதும் அதைத்தான்.

லாஸ்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, ‘முதனாடல்’ என்று பலகையில் எழுதினால் அதைப் பிரித்துக் காட்டவே ஒரு பாடவேளை போய்விடும். ‘முதல்நாடல்’ என்று பிரித்தே எழுதினாலும் முதலில் தேடுவது என்றுதான் படிப்பார்கள். என் பரிந்துரை ‘காரண ஏற்றம்’. ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றிச் சொல்வது நமக்குப் பழகிய வழக்கு.

புதுச்சேரி, பேராசிரியர்:

பழகியதால்தான் ஆபத்து, தம்பி. தற்குறிப்பேற்றம் என்ன செய்கிறது? மதுரை மதிற்கொடி காற்றில் அசைகிறது. கோவலனையும் கண்ணகியையும் வராதே என்று கைகாட்டி மறிப்பதாக இளங்கோ தம் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். கவிதைக்கு அது அழகு. இயல்பாக அசைந்த கொடி எது, வேறொன்று அசைத்த கொடி எது என்று பிரித்தறிய வந்த அறிவியலுக்கு ‘ஏற்றம்’ நேர் எதிரான சொல்.

சிதம்பரம், உறுப்பினர்:

சொல் முடிவாகுமுன் ஒன்று. நூலில் ‘பருவநிலை மாற்றம்’ என்று போட்டுவிடாதீர்கள். கார், கூதிர் என வந்து போவது பருவம். பல ஆண்டுச் சராசரி காலநிலை. தமிழக அரசுத் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றம்தான் இருக்கிறது. நாளிதழ்கள்தாம் இன்னும் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன.

லாஸ்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:

அதில் எனக்கும் உடன்பாடே. பேராசிரியர் ஐயா சொன்ன கொடியை ஒட்டி ஓர் உண்மை எழுத வேண்டும். 2003 ஐரோப்பிய வெப்ப அலையைப் பற்றி அடுத்த ஆண்டு வந்த ஆய்வு, அப்படிப்பட்ட கோடை வரும் வாய்ப்பை மனிதர் குறைந்தது இருமடங்காக்கியிருக்கக்கூடும் என்றது. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவுக்கு முன் கொட்டிய மழை, புவி சூடேறியதால் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியது என்றார்கள். ஆனால் 2015 டிசம்பர் சென்னை மழையை ஆராய்ந்தபோது தெளிவான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. வங்கக்கடலின் மேற்குப் பகுதி அதற்கு முந்தைய நாற்பது ஆண்டில் சூடேறாததை அந்த ஆய்வு சுட்டியது. அத்தனை பேர் மாண்ட வெள்ளத்துக்கும் ‘தெரியவில்லை’ என்று சொல்லும் நேர்மை இந்தத் துறைக்கு இருக்கிறது. ‘இல்லை’ என்ற விடைக்கும் நம் சொல்லில் இடம் வேண்டும். ‘காரண ஏற்ற’த்தை நானே திரும்பப் பெறுகிறேன்.

தேவனாம்பட்டினம், பொறியாளர்:

எங்கள் வீட்டுத் தொழில் கடல். கரைக்கு வந்ததும் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதைப் ‘பங்கு’ என்போம். ஒரு மழையில் காற்றழுத்தத் தாழ்வுக்கு எவ்வளவு, வாடைக்கு எவ்வளவு, கடல் சூட்டுக்கு எவ்வளவு என்று பார்ப்பதும் அதுவே அல்லவா? ‘பங்கறிதல்’ என்று வையுங்கள். எங்கள் தெருவில் பாட்டிக்கும் புரியும்.

சிதம்பரம், உறுப்பினர்:

பங்கு வடசொல் ஆயிற்றே, ‘பங்க’ என்பதிலிருந்து வந்தது?

புதுச்சேரி, பேராசிரியர்:

இல்லை. பகு என்பதே வேர். பகுதி, பாதி, பால், பாத்தி எல்லாம் அதன் மக்கள். ‘பாத்தூண் மரீஇயவனை’ என்ற குறளில் பாத்து என்பது பகுத்து. நாளை இரண்டாகப் பகுப்பதால் பகல், உறவைப் பகுப்பதால் பகை. மெலிந்து பங்கு. தூய தமிழ், ஐயமே வேண்டாம். ஆனாலும் நான் ஏற்கவில்லை. பங்கு என்று வாயெடுத்தாலே அது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிறது. சென்னை மழைக்கு என்ன சொல்வீர்கள்?

தேவனாம்பட்டினம், பொறியாளர்:

ஐயா, சில நாள் பாடு கிடைக்காது. டீசல் செலவு போக ஒன்றும் மிஞ்சாது. அன்றைக்கும் எல்லாரும் உட்கார்ந்து பங்கு பார்ப்போம். பார்த்தால்தான் இல்லை என்று தெரியும்.

கடலூர் முதுநகர், ஆசிரியை:

நேற்று வகுப்பில் இரண்டு சொல்லையும் பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். ‘முதல்நாட’லுக்கு, பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், குறளைச் சொன்ன பிறகே தலையாட்டினார்கள். ‘பங்கறித’லுக்குக் கடைசி வரிசைப் பையன், “2024ல் புதுச்சேரியில கரையேறுன ஃபெஞ்சலுக்கு இதைப் பண்ணினா, தென்பெண்ணை எங்க வீட்டுக்குள்ள வந்ததுல சாத்தனூர் அணைத் திறப்புக்கும் தனியா ஒரு பங்கு சொல்லணும் மிஸ்” என்றான். நூலில் இல்லாத கேள்வி அது. கூடுதலாக ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். இதுவரை எழுதியவர்களில் பேராசிரியர் ஐயா தவிர யாரும் ‘பங்கறித’லை மறுக்காததால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

புதுச்சேரி, பேராசிரியர்:

அனுப்புங்கள் அம்மா. என் மறுப்பு நிற்கட்டும். பங்கு என்பது விடை, நாடல் என்பது வேலை. அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது ‘முதல்நாடல்’ வர வேண்டும்.