இரு குழாய்களும் அடைப்பு என்றது அறிக்கை

திருமணமான நான்காம் ஆண்டில் எனக்குக் கருக்குழாய் எக்ஸ்ரே எடுத்தார்கள். மாதவிலக்கு நின்றதும், கருமுட்டை வெளிவருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். சாய மருந்து உள்ளே ஏறியபோது அடிவயிற்றை ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கியது. அறிக்கையில் இரு குழாய்களிலும் அடைப்பு. ஐந்தே நிமிடத்தில் "டெஸ்ட் டியூப் பேபிதான் வழி" என்று மருத்துவர் தொகையை எழுதி நீட்டினார். பஸ்ஸில் கணவர் பேசவே இல்லை. எக்ஸ்ரே உறையை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்தப் படத்தோடு இன்னொரு மருத்துவரிடம் போனோம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இடது குழாயில் கருப்பையை ஒட்டிய இடத்திலேயே மருந்து நின்றிருந்தது. "வலியில் குழாய் சுருங்கினாலும் இப்படித்தான் தெரியும்மா, அடைப்பென்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்" என்றார். வலது குழாய் நுனியில் நீர் கோத்துப் பைபோல் வீங்கியிருந்தது.

வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே பார்க்கும் லேப்ராஸ்கோப்பியில், கருப்பை வழியாக நீலச் சாயம் செலுத்திப் பார்த்தார்கள். இடது குழாயின் நுனியிலிருந்து நீலம் சொட்டியது! வலது குழாயை எடுத்துவிட்டார்கள். எடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்; சொன்ன அன்று அழுதேன். அதில் தேங்கும் நீர் கருப்பைக்குள் வடிந்து கரு ஒட்டுவதைக் கெடுக்குமாம். டெஸ்ட் டியூப் முறைக்குப் போகிறவர்களுக்கும் அப்படி வீங்கிய குழாயை முதலில் எடுத்துவிடுவார்கள், அல்லது கிளிப் போட்டு அடைப்பார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்குக் காரணம் காசநோய். இருமல் ஒருநாளும் வந்ததில்லை என்றார். கருப்பையின் உட்சவ்வைப் பரிசோதித்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு நோய் குணமானது. சிதைந்த குழாய்கள் திறக்கவில்லை. அவருக்கு டெஸ்ட் டியூப் முறைதான் சரி. 1978இல் இங்கிலாந்தில் அம்முறையில் முதலில் பிறந்த லூயிஸ் பிரவுனின் தாய்க்கும் கருக்குழாய் அடைப்புத்தான். ஆகவே அந்தச் சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அதைச் சொன்ன அவசரம்தான் இன்னும் வலிக்கிறது. தோழிகளே, அறிக்கையோடு படத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்த எட்டாம் மாதம் எனக்கு நாள் தள்ளியது. பழுதுபட்ட குழாய் உள்ளவர்களுக்குக் கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து அதிகம் என்பதால் ஆறாவது வாரமே ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். திரையைப் பார்க்கத் துணிவில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். "கருப்பைக்குள்தான் இருக்கிறது, பாரும்மா" என்றார் மருத்துவர்.