காணாமற்போனவர், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர், இறந்ததாகக் கொள்ளப்படுபவர்: சட்டம் இவர்களை எப்படிப் பிரிக்கிறது?

கேள்வி (வந்தாறுமூலை)

1990 செப்டெம்பரில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோரிடையே இருந்து படையினர் கொண்டுசென்றவர்களுள் என் பெரியம்மாவின் மகனும் ஒருவர். அவர் பெயரிலுள்ள வயற்காணியின் அலுவல்களைப் பார்க்க, மரணச் சான்றிதழ் எடுத்துவிடுவதே எளிது என்று ஓர் அலுவலகத்தில் கூறுகிறார்கள். ஏழு ஆண்டுகள் கடந்தாலே சட்டப்படி இறந்தவர்தான் என்கிறார் இலண்டனிலுள்ள மச்சாள். பெரியம்மாவோ அடையாள அட்டைப் பிரதியையும் அன்று கொடுத்த முறைப்பாட்டின் துண்டையும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, "செத்துட்டான் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்கிறார். எந்தச் சட்டத்தின்படி அவருடைய மகன் யார்?

பதில் 1 (மட்டக்களப்பு, சட்டத்தரணி)

மச்சாள் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2013ஆம் ஆண்டின் மரண அனுமானச் சட்டம். குறைந்தது ஏழு ஆண்டுகளாக உயிருடன் இருப்பதாக அறியப்படாத ஒருவரை இறந்தவரென அங்கு உயர் நீதிமன்றம் பிரகடனம் செய்யலாம். அத்துடன் அவருடைய திருமணமும் முடிவுறும். அந்தக் கணக்கு இங்கு செல்லாது. நம்மிடம் உள்ளது 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, மரணங்களைப் பதிவுசெய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போனவரின் இறப்பைப் பதிய அது இடமளிக்கிறது. ஆனால் 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தினூடாக, இறப்பைப் பதியாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறும் வழியும் வந்துவிட்டது. அதைக் கொண்டு காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பேணலாம், நிவாரணங்களுக்கு விண்ணப்பிக்கலாம். இறப்பு பதியப்படாததால் வாரிசுரிமை மட்டும் திறக்காது. பெரியம்மா விரும்பாத தாளில் அவரிடம் கையெழுத்து வாங்க எவருக்கும் உரிமையில்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

பதில் 2 (காத்தான்குடி)

இதே இழையில் எங்கள் பக்கத்துக் கேள்வியையும் வைக்கிறேன். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகள் கடத்திய முஸ்லிம்களின் குடும்பங்கள் எந்த வரைவிலக்கணத்துக்குள் வருகின்றன? அவர்களைக் கொண்டுசென்றது அரசு அல்லவே.

பதில் 3 (கல்முனை, சர்வதேசச் சட்ட மாணவி)

காத்தான்குடி நானா கேட்டது மிக முக்கியமானது. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டு, 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உள்நாட்டுச் சட்டமாக்கிய, வலிந்து காணாமல் ஆக்கப்படுவதிலிருந்து அனைவரையும் பாதுகாப்பதற்கான சர்வதேச சமவாயத்தின் 2ஆம் உறுப்புரை மூன்றைக் கேட்கிறது: அரச முகவர்களோ அரசின் அனுமதி, ஆதரவு அல்லது உடன்பாட்டுடன் செயற்படுவோரோ ஒருவரின் சுதந்திரத்தைப் பறித்திருக்க வேண்டும், அதை மறுத்திருக்கவோ அவருக்கு நேர்ந்ததை மறைத்திருக்கவோ வேண்டும், அதனால் அவர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். வந்தாறுமூலை இதற்குள் வருகிறது. குருக்கள்மடத்துக்கு உரியது 3ஆம் உறுப்புரை: அரசின் தொடர்பின்றி அதே செயலைச் செய்தவர்களையும் விசாரித்து நீதியின் முன் நிறுத்தும் கடமை அரசுக்கு உண்டு. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய உரோம் சாசனத்தின் வரைவிலக்கணம் அரசியல் அமைப்புகளையும் உள்ளடக்குகிறது, ஆயினும் இலங்கை அதில் தரப்பாகவில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் சட்டமோ, கொண்டுசென்றவர் யாராயினும் வடக்கு, கிழக்கு மோதலில் காணாமற்போன அனைவரையும் ஏற்கிறது. எனவே இரு குடும்பங்களும் அங்கு செல்லலாம். ஆனால் அதன் முடிவுகளிலிருந்து குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ எழாது என்பதையும் அறிந்தே செல்ல வேண்டும்.

பெரியம்மாவுக்குத் துணையாக நிற்பது சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை. நேரடியாகப் பாதிக்கப்பட்ட உறவினரும் அதன்படி பாதிக்கப்பட்டவரே. உண்மையை அறியும் உரிமை அவருக்கு உண்டு. சொத்து, குடும்ப விவகாரங்களை அரசு ஒழுங்குபடுத்திக் கொடுப்பதால் தேடும் கடமை நின்றுவிடாது. சமவாயத்தின் குழுவுக்கு 1990 சம்பவத்தைக் கொண்டுசெல்ல முடியாமல் 35ஆம் உறுப்புரை தடுக்கிறது, ஏனெனில் சமவாயம் நம்மைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய பின் தொடங்கிய சம்பவங்களையே அக்குழு ஏற்கும். வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் தொடர்பாக 1980இல் அமைக்கப்பட்ட ஐ.நா. செயற்குழுவுக்கு அந்தத் தடை இல்லை. எங்கு விண்ணப்பித்தாலும் "காணாமற்போனார்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், யார் கொண்டுசென்றார்கள், என்ன சீருடை, எந்த வாகனம், கண்டவர் யார், பின்னர் முகாமில் கேட்டபோது என்ன பதில் கிடைத்தது என்பவற்றை எழுதி, அந்த முறைப்பாட்டுத் துண்டின் பிரதியையும் இணையுங்கள். மூலத்தை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.