ரேம் போட்டதும் லேப்டாப் ஆன் ஆகவில்லை, அவசரம்!

தேன்கூடு:
வணக்கம். பழைய லேப்டாப்புக்கு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. 20ஆம் தேதிக்குள் இரண்டு மூன்று பேருக்கு ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பாளை_பாண்டி:
என்ன லேப்டாப்? என்ன ரேம்? புது ரேமைக் கழற்றிவிட்டால் ஓடுகிறதா?

ராத்திரி_ரயில்:
பயப்படாதீங்க ப்ரோ. ரேமை எடுத்து, கீழே தங்க நிறத்தில் இருக்கும் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். சாய்வாகச் செருகி அமுக்கினால் இரண்டு பக்கக் கொக்கியும் டிக் என்று விழ வேண்டும். பெரும்பாலும் இதுதான் காரணம்.

தேன்கூடு:
ரப்பர் போட்டுப் பார்த்தாச்சு. டிக் சத்தமும் வந்தது. அதே பீப்தான். கழற்றினால் பழையபடி ஓடுகிறது. லெனோவோ.

சிப்_சித்தர்:
டாக்டரிடம் போய் "உடம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா தம்பி? லெனோவோவில் எத்தனை மாடல் இருக்கிறது! கவிழ்த்துப் பார்த்தால் அடியிலேயே எழுதியிருக்கும். கேள்வி கேட்கும் முன் இதையெல்லாம் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேன்கூடு:
திங்க்பேட் டி440எஸ், ஐ5. ரிச்சி தெருவில் பழையதாக வாங்கியது. உள்ளே ஒரே ஸ்லாட், அதுவும் காலியாகத்தான் இருந்தது.

சேலத்து_மாங்கா:
காலியா? அப்போ இத்தனை நாள் ரேமே இல்லாமல் ஓட்டினீர்களா 😄

சிப்_சித்தர்:
சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த மாடலில் 4 ஜிபி போர்டிலேயே சால்டர் செய்து வரும். அது போக ஒரு ஸ்லாட். அதில் 8 போட்டால் மொத்தம் 12, அதுதான் உச்சம். 16 ஜிபி கார்டு ஒன்றைப் போட்டுவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம், இதில் இருக்கும் 4ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர் அதை ஏற்காது.

ராத்திரி_ரயில்:
அப்போ அதுதான் பிரச்சினை. 4-உம் 8-உம் சேராது. இரண்டும் ஒரே அளவு, ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடும் டூயல் சேனல் வராது. பயாஸும் (ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணிப் பாருங்கள்.

பாளை_பாண்டி:
ரயில் அண்ணே, சேரும். 4-க்கு 4 ஜோடியாக முதல் 8 ஜிபி டூயல் சேனலில் ஓடும், மிச்ச 4 சிங்கிளில் ஓடும். அதற்காக பீப் அடிக்காது. இந்த நேரத்தில் பயாஸில் கை வைக்கச் சொல்லாதீர்கள், அது பாதியில் நின்றால் 3பி-யும் போச்சு, லேப்டாப்பும் போச்சு.
தேன்கூடு, ரேம் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் எழுதுங்கள்.

தேன்கூடு:
8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800எஸ்-11. அதற்கு மேல் தேய்ந்திருக்கிறது.

பாளை_பாண்டி:
அதேதான். பிசி3-க்கு அடுத்து "எல்" இல்லை. உங்களுக்கு வேண்டியது பிசி3எல்-12800எஸ். கையில் இருப்பது 1.5 வோல்ட் டிடிஆர்3. 4ஆம் தலைமுறை லேப்டாப் ஸ்லாட்டுக்குக் கொடுப்பது 1.35 வோல்ட். இரண்டுக்கும் வேகம் அதே 1600, பின் (கீழே உள்ள பற்கள்) அதே 204, நடுவில் உள்ள வெட்டும் அதே இடம். அதனால் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், வேலை மட்டும் செய்யாது. அடுத்த தலைமுறை டிடிஆர்4 ஆக இருந்தால் 260 பின், நுழையவே நுழையாது, அப்போதே தெரிந்திருக்கும்.
எல் கார்டை 1.5 வோல்ட் லேப்டாப்பில் போட்டால் ஓடும். எல் இல்லாததை இதில் போட முடியாது. கடையில் இதைச் சொல்லி மாற்றுங்கள்.
இன்னொன்று. இந்த மாடலுக்கு இரண்டு பேட்டரி. பின்னால் இருப்பதைக் கழற்றினாலும் முன்பக்கம் உள்ளே ஒன்று இருக்கிறது. ஆன் செய்ததும் எஃப்1 தட்டி பயாஸில் கான்ஃபிக், பவர் போய் பில்ட்-இன் பேட்டரியை டிசேபிள் செய்யுங்கள். அப்புறம் அடி மூடியைத் திறங்கள். சார்ஜரைச் செருகினால் அது தானாகத் திரும்ப வந்துவிடும்.

சிப்_சித்தர்:
நான் சொல்ல வந்ததும் இதுதான். 1600-ஐ 8 பைட்டால் பெருக்கினால் 12800, அந்த எண்ணுக்கு அர்த்தம் அவ்வளவுதான். அதோடு, ரேமைக் கழற்றினால் ஓடுகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். முதலில் அந்த 4 ஜிபியில் ரிட்டர்னைப் போட வேண்டியதுதானே?

சேலத்து_மாங்கா:
ரேம் எதற்கு, முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டாரா? ஹார்ட் டிஸ்க் என்றால் 12 ஜிபி போட்டாலும் ஆமை வேகம்தான். அதோடு விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பட்டியலில் இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே ஒரு சிலதைத் தவிர இடமில்லை. இந்த ஐ5-க்குப் பேசாமல் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டுவிடலாம், 4 ஜிபியே போதும்.

ராத்திரி_ரயில்:
மின்ட் போட்டால் கணக்கு எழுதும் டாலி மென்பொருளை எதில் ஓட்டுவார்? உங்கள் வீட்டிலா?

சேலத்து_மாங்கா:
விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட வைன் என்று ஒன்று இருக்கிறதே.

ராத்திரி_ரயில்:
கணக்கு எழுதுகிறவரிடம் போய் வைன், மின்ட் என்று! 20ஆம் தேதி பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் நீங்கள் வருவீர்களா? விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கிறார்கள், பதிவு செய்தால் போதும்.

சேலத்து_மாங்கா:
அதுவும் முடிந்த பிறகு? நான் சொல்வது அதைத்தான்.

பாளை_பாண்டி:
இரண்டு பேரும் தனி இழை போட்டுச் சண்டை பிடியுங்கள். தேன்கூடு, என்ன ஆச்சு?

தேன்கூடு:
கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார், உங்க மிஷின்தான் போயிருக்கு" என்றார். அங்கேயே எல் போட்டதை மாட்டிக் காட்டச் சொன்னேன், வந்துவிட்டது. மேலே 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். 12 ஜிபி காட்டுகிறது. ஹார்ட் டிஸ்க்தான், எஸ்எஸ்டி அப்புறம் பார்க்கலாம். நன்றி பாண்டி அண்ணா.

சிப்_சித்தர்:
200 எதற்கு? தப்பான சாமானைக் கொடுத்தது அவர்.

ராத்திரி_ரயில்:
மாங்கா, டாலி வைனில் ஓடி நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.