ரெண்டு டேங்க் லாரி: டீசல் தீரப்போகுதுன்னு சிவப்பு விளக்கு எரிஞ்சா இன்னும் எவ்வளவு தூரம் போகலாம்?

பிறை லாரி:
அலுமினியச் சதுர டேங்க் ரெண்டு, ஒவ்வொண்ணும் 200 லிட்டர். அடியில ஒரு குழாய் ரெண்டையும் இணைக்குது. ஓட்டம் பட்டர்வொர்த் – கோலாலம்பூர். பாதிக்குக் கீழ வந்ததும் டீசல் மீட்டர் முள் மடமடன்னு விழுது. E-ல (காலி) நிக்கும்போது ஊத்தினா 250 லிட்டர்தான் பிடிக்குது. ஃப்ளோட் (டேங்க்ல மிதந்து அளவை மீட்டருக்குச் சொல்ற மிதவை) மாத்தணுமா? சிவப்பு விளக்கை எவ்வளவு நம்பலாம்?

செந்தூல் ஒர்க்‌ஷாப்:
ஃப்ளோட்டுக்கு இப்பவே காசு போடாதீங்க அண்ணே. ரெண்டு டேங்க் இருந்தாலும் ஃப்ளோட் பெரும்பாலும் ஒண்ணுலதான் இருக்கும். 400-ல 250 தான் பிடிக்குதுன்னா 150 லிட்டர் எங்கயோ உக்காந்திருக்கு. இணைப்புக் குழாய்ல கசடு அடைச்சிருந்தா, இல்ல அடுத்த டேங்கோட காத்துத் துவாரம் மூடியிருந்தா, எஞ்சின் உறிஞ்சுற வேகத்துக்கு அந்தப் பக்கத்து டீசல் வந்து சேராது. ராத்திரி சமதரையில நிறுத்தி வச்சா காலையில முள் ஏறியிருக்கா?

பிறை லாரி:
ஆமா, ஒரு கோடு ஏறுது.

செந்தூல் ஒர்க்‌ஷாப்:
அப்ப அதேதான். ஓட்டி வந்த கையோட ரெண்டு டேங்கையும் குச்சி விட்டு அளங்க. நீளம் 80, அகலம் 50, உயரம் 50 செ.மீ. இருந்தா, ஒரு செ.மீ. ஆழத்துக்கு 4 லிட்டர். ரெண்டு பக்கமும் வித்தியாசம் பெரிசா இருந்தா குழாயைக் கழட்டிக் கழுவுங்க, மூடியில இருக்கிற துவாரத்தையும் பாருங்க. உறிஞ்சுகுழாய் தரையில இருந்து 4 செ.மீ. மேல நின்னா, ஒவ்வொரு டேங்க்லயும் 16 லிட்டர் கணக்குல மட்டும்தான் இருக்கும், எஞ்சினுக்குக் கிடைக்காது.

செலாயாங் வயரிங்:
ஃப்ளோட்டைச் சந்தேகப்பட்டா முதல்ல எர்த் (ஃப்ளோட்டை லாரி பாடியோட இணைக்கிற வயர்) பாருங்க. ஃப்ளோட்டோட மின்தடையை (ரெசிஸ்டன்ஸ், ஓம் கணக்கு) வச்சுத்தான் முள் நகரும், துருப்பிடிச்ச எர்த் அந்தத் தடையைக் கூட்டும். காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180 ஓம் வர்ற வகைன்னா முள் உள்ளதைவிட அதிகமா காட்டும், ஆபத்து இதுலதான். காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33 வர்ற வகைன்னா குறைச்சுக் காட்டும். புது ஃப்ளோட் வாங்கும்போதும் ஓம் பொருந்தணும். கடையில வடிவத்தை மட்டும் பார்த்துக் கொடுத்துடுவாங்க. மாட்டினதும் காலி டேங்க்ல 20, 20 லிட்டரா ஊத்தி, ஒவ்வொரு தடவையும் முள் அசையாம நின்ன பிறகு குறிச்சு வைங்க. அந்தத் தாள்தான் உங்க மீட்டர்.

பிறை டிப்போ:
தூரத்துக்கு வருவோம். டேங்கை ஃபுல் பண்ணி ஓட்டிட்டு மறுபடி ஃபுல் பண்ணுங்க, ஓடோமீட்டர்ல ஓடின கிலோமீட்டரை ரெண்டாவது தடவை ஊத்தின லிட்டரால வகுங்க. லிட்டருக்கு 3 கி.மீ. வந்தா, கோலாலம்பூர் வரைக்குமான ஏறக்குறைய 350 கி.மீ.க்கு 117 லிட்டர். வழியில ஜூரு ஜாம்ல நின்னா ஒரு மணிக்கு 2, 3 லிட்டர் தனி. ஈப்போ பக்கம் மெனோரா மலை ஏத்தத்துல டீசல் பின்னால சாயும். டேங்க் அடியில இருந்தா உறிஞ்சுகுழாய் காத்தை இழுக்கும். அதனால கால் டேங்கையே காலின்னு வச்சுக்கங்க, விளக்குக்குக் காத்திருக்கவே வேணாம்.

காமன் ரெயில் எஞ்சின்ல (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல உயர் அழுத்த டீசல் போற வகை) டீசல்தான் பம்புக்கு எண்ணெயும் குளிர்ச்சியும். வறண்டு ஓடினா பம்ப் தேயும், இரும்புத் தூள் டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் வரைக்கும் போகும். மீறி நின்னுட்டா 40 லிட்டராவது ஊத்தி, ஃபில்டர் மேல உள்ள பிளீட் ஸ்க்ரூவை (காத்தை வெளியேத்துற திருகு) தளர்த்தி, குமிழி நிக்கிற வரைக்கும் ஹேண்ட் பம்ப் அடிங்க. ஸ்க்ரூவை இறுக்கிட்டு 15 விநாடிக்கு மேல ஸ்டார்ட்டரைப் பிடிக்காதீங்க, நடுவுல ஒரு நிமிஷம் விடுங்க. பழைய எஞ்சின் பழக்கத்துல இன்ஜெக்டர் பைப் நட்டை மட்டும் தளர்த்தாதீங்க. அங்க 1,000 பாருக்கு மேல அழுத்தம், டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும்.