சுகர்-ஃப்ரீ பிஸ்கட், பிரவுன் பிரெட், இஞ்சி பூண்டு விழுது: லேபிளில் எதைப் பார்ப்பது?

அடுப்பங்கரை:
வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. செயற்கை இனிப்பு, பிரிசர்வேட்டிவ் இரண்டையும் முடிந்தவரை தவிர்க்கப் பார்க்கிறோம். வழக்கமாக வாங்குவது இந்த மூன்றும்தான். எந்த எண்களைக் கவனிக்கணும்? எதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்?

லேபிள்வாசி:
முன்பக்கத்தை நம்பாதீர்கள், பாக்கெட்டைத் திருப்புங்கள். எது அதிக எடையோ அதுதான் சேர்மானப் பட்டியலில் முதலில் வரும். சுகர்-ஃப்ரீ பிஸ்கட்டில் பெரும்பாலும் முதலில் நிற்பது ‘ரீஃபைன்டு வீட் ஃப்ளோர்’, அதாவது மைதா. 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டாவிட்டால் ‘சுகர்-ஃப்ரீ’ என்று போட நம் நாட்டு விதி அனுமதிக்கிறது. மாவுச்சத்து அந்தக் கணக்கில் வராது. ஆகவே சர்க்கரை நோயாளிக்கு முக்கியம் ‘டோட்டல் கார்போஹைட்ரேட்’ வரிதான்.

இனிப்பூட்டிகளின் ஐ.என்.எஸ். எண்கள் (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்கள்): 950 அசிசல்ஃபேம்-கே, 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. 965 மால்டிடால், 420 சார்பிட்டால் இரண்டும் வேறு ரகம்: கலோரி உண்டு, அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு வரும், குழந்தைக்குச் சீக்கிரமே. மால்டிடால் ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் பொடி இன்னும் மோசம். ‘சர்க்கரை’ வரியில் வராது, ஆனால் குளுக்கோஸ் வேகத்தில் ஏற்றும். ஸ்டீவியா என்று விற்கும் பொடிகள் பலவற்றில் பெரும்பகுதி இதுதான், பார்த்து வாங்குங்கள்.

எண் இருந்தாலே விஷம் என்று நினைக்க வேண்டாம். 500 சமையல் சோடா, 330 சிட்ரிக் அமிலம், 300 வைட்டமின் சி.

கோதுமைமாவு:
பிரெட்டுக்கு வருகிறேன். பிரவுன் நிறம் 150 என்று தொடங்கும் கேரமல் கலரிலிருந்தும் வரலாம். ‘ஹோல் வீட் ஃப்ளோர்’ (ஆட்டா) முதலில் இருக்கிறதா, பக்கத்தில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 282 என்பது கால்சியம் புரோபியோனேட், பூஞ்சை வராமல் தடுக்க. அது வேண்டாமென்றால் அன்றன்று சுடும் பேக்கரியில் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே இரண்டு நாள்தான் தாங்கும். ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகிச் சீக்கிரம் வறண்டுவிடும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். தேவையானதை எடுத்து நேரே தோசைக்கல்லில் போடலாம்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை போட்ட பிஸ்கட்டும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரைதான். குழந்தைக்கு வெல்லம் வாங்கினால் பளிச்சென்ற மஞ்சளைத் தவிருங்கள். அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போடுவதுண்டு. கரும்பழுப்பு நிறத்தில் வாங்குங்கள்.

அம்மிக்கல்:
விழுதைக் கடையில் வாங்கவே வேண்டாம். பாக்கெட்டில் 211 (சோடியம் பென்சோயேட் என்ற பிரிசர்வேட்டிவ்), 260 (அசிட்டிக் அமிலம்), 415 (கெட்டியாக்கும் சாந்தன் கம்) என்று வருவதெல்லாம் அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் வைத்து விற்கத்தான்.

இஞ்சி 250 கிராம், உரித்த பூண்டு 250 கிராம், உப்பு 25 கிராம், நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. இஞ்சியைக் கழுவித் தோல் சீவி, ஃபேனுக்கடியில் ஈரம் போக உலர்த்துங்கள். குறுக்குவாட்டில் மெல்லிசாக வெட்டினால்தான் நார் மிக்சி பிளேடில் சுற்றாது. இஞ்சியை முதலில் உப்போடு ஓட்டிவிட்டு, பிறகு பூண்டும் எண்ணெயும். தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்க்கக் கூடாது, கெட்டுப்போவது அதனால்தான். ஒரு வாரத்துக்கானதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து, மீதியை ஐஸ் டிரேயில் உறையவைத்துக் கட்டிகளாக எடுத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எண்ணெயில் மூழ்கிய பூண்டை வெளியே வைத்திருக்கவே கூடாது. காற்றுப் படாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமிக்கு அது தோதான இடம், வாடையில் கண்டுபிடிக்க முடியாது.

அடுப்பங்கரை:
நன்றி. விழுது சில சமயம் பச்சையாக மாறுகிறதே, கெட்டுவிட்டதா?

அம்மிக்கல்:
இல்லை. பூண்டை அரைக்கும்போது கந்தகச் சேர்மங்களும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து வரும் நிறம் அது. குளிரில் வைத்திருந்த பூண்டில் அதிகம் வரும். தாராளமாகச் சமைக்கலாம். பூஞ்சை படர்ந்திருந்தாலோ, நுரைத்திருந்தாலோ, ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்தாலோ கொட்டிவிடுங்கள்.