வேலையில் குறையில்லை, பிறகு ஏன் மோசடி?

குழு: மேலத்தெரு குடும்பம்

[காலை 6:42] சுந்தரம் பெரியப்பா: அம்மா கவிதா, பிலடெல்பியாவில் பாலத்துக்கு வண்ணம் பூசிய ஒப்பந்ததாரரின் வழக்கைப் பற்றி நீ அனுப்பியதை இரண்டு முறை படித்தேன். வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்தவரை மோசடிக்காரர் என்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

[காலை 6:58] கவிதா: பெரியப்பா, அது 2025 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கூசிசிஸ் வழக்கு. நலிந்த பிரிவினர் நடத்தும் நிறுவனத்திடம் பெயின்ட் வாங்குவதாக ஒப்பந்தத்தில் உறுதி சொல்லிவிட்டு, அந்த நிறுவனத்தை ரசீது கைமாறும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். நட்டம் விளைவிக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், பொய் சொல்லி ஒப்பந்தப் பணத்தைப் பெறுவது மோசடியாகலாம் என்று நீதிபதி ஏமி கோனி பேரட் எழுதினார். ஆனால் எல்லாப் பொய்யும் அதில் சேராது. ‘மெட்டீரியல்’ ஆன, அதாவது முடிவைப் பாதிக்கக்கூடிய, பொய்யாக இருக்க வேண்டும்.

[காலை 7:05] ரவி மாமா: அந்தச் சொல் சட்டத்திலேயே இருக்கிறதா, நீதிபதிகள் சேர்த்ததா?

[காலை 7:21] கவிதா: 1872இல் பிறந்த அஞ்சல் மோசடிச் சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது, மாமா. ஆனால் மோசடி என்ற சொல்லுக்குள் நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த பழைய பொதுச் சட்டம் வைத்திருந்த பொருளையும் சேர்த்தே நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது என்று 1999இல் நீடர் வழக்கில் தீர்ப்பாயிற்று. கேட்பவரின் முடிவை மாற்றும் இயல்போ, மாற்றக்கூடிய திறனோ அந்தப் பொய்க்கு இருக்க வேண்டும் என்பதே அளவுகோல். அவர் உண்மையில் நம்பினாரா, ஏமாந்தாரா என்பதை அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த இயல்பு இருந்ததா என்று முடிவு செய்வது நீதிபதி அல்ல, ஜூரி எனப்படும் பொதுமக்கள் குழு. அதை 1995இல் காடின் வழக்கு உறுதிப்படுத்தியது.

[காலை 7:40] சுந்தரம் பெரியப்பா: இப்போது பிடிபடுகிறது. நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது ஒருவர் சம்பளச் சான்றில் 8,400க்கு முன்னால் ஓர் ஒன்றைச் சேர்த்து 18,400 ஆக்கியிருந்தார். அந்த ஒன்று மட்டும் வெளிர்நீல மையில் தனித்து நின்றது. அதே மனுவில், வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருப்பதாகவும் பொய் எழுதியிருந்தார். சம்பளத்தை வைத்துத்தான் கடன் தொகையைக் கணக்கிடுவோம், குளிர்சாதனப் பெட்டியை யார் பார்த்தார்கள்? இங்கே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 415ஆம் பிரிவின் ஒரு பகுதியோ, ஏமாற்றப்படாவிட்டால் செய்திருக்கமாட்டார் என்பதையே கேட்டது. அது அமெரிக்காவில் கேட்பதைவிடக் கடினமான கேள்வி.

[காலை 7:46] ரவி மாமா: எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடும் மேலாளர் இருந்தால், பொய் சொன்னவர் தப்பித்துவிடுவாரா?

[காலை 8:10] கவிதா: மாட்டார். 2017இல் லிண்ட்சே வழக்கில், கடன் கொடுத்தவரின் அலட்சியம் குற்றவாளிக்குத் துணை வராது என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகராறு இருப்பது வேறிடத்தில். நியாயமான எந்த மனிதரும் பொருட்படுத்தும் பொய்யா என்று பார்ப்பதா, எதிரிலிருப்பவர் அதைப் பெரிதாக நினைப்பார் என்று பொய் சொன்னவருக்குத் தெரிந்திருந்தாலே போதுமா, ஒப்பந்தத்தின் உயிர்நாடியையே அது தொட வேண்டுமா என்று பல அளவுகோல்கள் உலவுகின்றன. கூசிசிஸ் தரப்பு அங்கே மெட்டீரியாலிட்டியை எதிர்க்காததால், எது சரி என்று உச்ச நீதிமன்றம் தீர்க்காமலே விட்டுவிட்டது. நீதிபதி தாமஸ் மட்டும், பாலத்துக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தத்தில் பெயின்ட் யாரிடம் வாங்கினார்கள் என்பது அவ்வளவு முக்கியமா என்ற ஐயத்தைத் தனியாக எழுதி வைத்தார். எனக்கும் அந்த ஐயம் உண்டு.

[காலை 8:31] மீனாட்சி அத்தை: பெண் பார்க்க வந்தபோது உன் மாமா தம் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னார். நான் அப்போதே நம்பவில்லை. அது மெட்டீரியலா?

[காலை 8:34] கவிதா: நீங்கள் நம்பினீர்களா என்பது கேள்வியே அல்ல, அத்தை. பெண் வீட்டாரின் முடிவை அசைக்கக்கூடிய பொய் என்பதில் ஜூரிக்குச் சந்தேகம் வராது. ஆனால் அங்கே பணமோ சொத்தோ கைமாறவில்லையே?

[காலை 8:36] மீனாட்சி அத்தை: இருபது பவுன் கைமாறியது.